பரணில் சத்தமில்லாமல் உட்காருவது: மான் வேட்டைக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் வில்லோடு மரத்தில் ஏறிய முதல் வருடம், எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண் மான் என் பரணுக்கு முப்பது அடி தூரத்தில் வந்து நின்றது. நாணை இழுக்க மணிக்கட்டில் மாட்டும் ரிலீஸ் சட்டைப் பையில் இருந்தது. பையின் மூடி வெல்க்ரோ. மெதுவாகப் பிரித்தால் சத்தம் வராது என்று நினைத்தேன். வெல்க்ரோவை மெதுவாகப் பிரித்தால் சத்தம் நீளும், அவ்வளவுதான். "சர்ர்ர்" என்று ஆரம்பித்ததுமே மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்றைய தவறு மரத்தின் மேல் நடந்ததல்ல, அந்தச் சட்டையை வாங்கிய கடையிலேயே நடந்துவிட்டது. பரணில் நாம் செய்யக்கூடியது அசையாமல் இருப்பது மட்டும்தான். சத்தத்தைக் குறைக்கும் வேலை முக்கால்வாசி வீட்டுக் கொல்லையில், ஆகஸ்ட் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. இது அமெரிக்காவில், உரிமம் வாங்கி, பருவத்துக்குள் வெள்ளைவால் மான் வேட்டையாடுபவர்களுக்கு எழுதியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறைக்குப் போக நேரும். மிஷிகனில் வில் பருவம் அக்டோபர் 1இல் தொடங்குகிறது, துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் முதன்முறை உரிமம் வாங்குமுன் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் புதிய விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

மானின் காதுக்கு எது கேட்கிறது

காட்டில் சத்தமே இருக்காது என்பது நகரத்தில் வளர்ந்தவர்களின் கற்பனை. அணில் சருகில் ஓடும், ஓக் கொட்டைகள் பொத்துப் பொத்தென்று விழும், கிளைகள் உரசும். மான் இவற்றின் நடுவிலேயே பிறந்து வளர்கிறது. எல்லாச் சத்தத்துக்கும் பயந்தால் அது மேயவே முடியாது. காட்டுக்குச் சொந்தமில்லாத சத்தம் கேட்டால்தான் அது தலையைத் தூக்கும்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மான் அதற்கு மேலும் கேட்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மான்களைச் சோதித்தபோது 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் அவற்றின் செவி மிகக் கூர்மையாக இருந்தது. கொக்கி கம்பியில் படும் 'டிங்', ஜிப், நைலான் துணி உரசல், சாக்லேட் காகிதம் போன்ற மெல்லிய கூர்மையான ஒலிகளெல்லாம் அந்தப் பக்கம்தான் சேரும். போதாததற்கு இரண்டு காதுகளையும் தனித்தனியாகத் திருப்பி, சத்தம் வந்த இடத்தைக் கச்சிதமாகக் குறித்துவிடும். நம் மரத்தை ஒருமுறை குறித்துவிட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது.

ஆகவே சத்தங்களுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் உலோகம் படுவது எல்லாவற்றிலும் மோசம். அடுத்து பிளாஸ்டிக், செயற்கைத் துணி. அதற்கடுத்து மனிதக் குரலும் இருமலும். காலடியில் ஒரு சுள்ளி முறிவது கடைசி, அதை மன்னிக்கலாம். நிறையப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். சுள்ளிக்குப் பயந்து பூனைபோல நடந்து வந்து, மரத்தடியில் இரும்பு ஏணித் துண்டுகளைக் கடகடவென்று அடுக்குவார்கள்.

ஆகஸ்ட்: கொல்லையில் ஒத்திகை

பரணைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஏதாவது மரத்தில் கட்டுங்கள். வேட்டையன்று போடப்போகும் உடை, பூட்ஸ், கீழே விழாமல் மரத்தோடு பிணைக்கும் ஹார்னஸ், பை, வில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். வெயிலில் வியர்த்துக் கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை. உட்காருங்கள், எழுந்திருங்கள், இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள், பையிலிருந்து தண்ணீர் எடுங்கள், வில்லைக் கொக்கியிலிருந்து எடுத்து நாணை இழுங்கள், அம்பு எய்யாமல் மெல்லத் தளர்த்துங்கள்.

இந்தச் சமயத்தில் இன்னொருவர் இருபது கஜம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குவதுதான் அவர் வேலை. என் வீட்டில் மான் வேடம் என் மகளுக்கு. முதல் தடவை பதினான்கு முறை கை தூக்கினாள். அதில் ஐந்து முறை எனக்கு எதுவுமே கேட்கவில்லை. நம் சத்தம் நமக்குப் பழகிவிடுகிறது, அடுத்தவர் காது கண்டிப்பாக வேண்டும். கை தூக்கிய ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். அடுத்த சில வாரங்களின் வேலைப் பட்டியல் அதுதான்.

பரணை ஊமையாக்குவது

கடையில் மூன்று வகைப் பரண்கள் அதிகம் கிடைக்கும். ஏணியோடு சேர்ந்து வரும் ஏணிப் பரண், மரத்தில் பட்டை போட்டுக் கட்டும் தொங்கு பரண், அடிமரத்தைப் பற்றிக்கொண்டு நம்மோடு சேர்ந்து மேலேறும் கிளைம்பர். சத்தத்தை மட்டும் பார்த்தால், முன்கூட்டியே கட்டிவைத்த ஏணிப் பரண்தான் சிறந்தது. வேட்டையன்று ஏறி உட்கார்ந்தால் போதும். கிளைம்பர் ஒவ்வொரு அடிக்கும் மரப்பட்டையைக் கரகரவென்று கடித்தபடி ஏறும். எடுத்துப்போக வசதி என்பதால் பொதுக் காடுகளில் பலரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

எந்த வகையானாலும் சத்தம் மூட்டுகளில்தான் பிறக்கும். இருக்கை மடியும் இடம், கால் வைக்கும் தட்டுப் பலகையின் இரும்புக் கம்பிகள் சங்கமிக்கும் இடம், ஏணித் துண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடம். மூட்டு போல்ட்களில் நைலான் வாஷர் போட்டாலே கிறீச்சிடுவது பெரும்பாலும் நின்றுவிடும். தயாரிப்பாளர் கொடுத்த போல்ட்டைக் கழற்றி வேறொன்றைப் போடாதீர்கள், உங்கள் உயிர் அதில்தான் தொங்குகிறது. எண்ணெய் விடவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெயின் வாசனை மானுக்கு எட்டிவிடும். வாசனையில்லாத தேன்மெழுகை உருக்கித் தடவினால் போதும்.

அப்புறம் துணி. ஐஸ் ஹாக்கி மட்டையில் சுற்றும் துணி டேப் மிஷிகனில் எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும். கை, கொக்கி, வில் படக்கூடிய இரும்பு முழுவதிலும் அதைச் சுற்றிவிடுங்கள். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டலாம். சைக்கிள் கடையில் கேட்டால் பஞ்சரான ட்யூபைச் சும்மாவே கொடுப்பார்கள். தட்டுப் பலகையில் பழைய கம்பளத் துண்டு ஒன்றைக் கட்டினால் பூட்ஸ் திரும்பும் சத்தம் அடங்கும். ஆனால் அது பனியில் நனைந்து உறைந்தால் வழுக்கும், டிசம்பரில் எடுத்துவிடுங்கள்.

ஹார்னஸ் கொக்கிகளில் உலோகம் படும் பக்கங்களில் மட்டும் டேப் ஒட்டலாம். பூட்டும் வாய், பட்டை இழுபடும் பாதை, தையல் இவற்றில் கை வைக்கவே கூடாது. சத்தம் வருகிறது என்று ஹார்னஸைக் கழற்றி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மான் வேட்டையில் மரத்திலிருந்து விழுவது பெரிய ஆபத்து. அதற்கு ஈடாக எந்த மௌனமும் தேவையில்லை.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் சத்தத்தோடு சேர்ந்த விஷயம்தான். ஷேக்பார்க் ஹிக்கரி போன்ற மரங்களில் பட்டை செதில் செதிலாகத் தொங்கும், சாய்ந்தாலே மொறுமொறுக்கும். மெல்லிய மரம் காற்றில் ஆடும், பரணும் சேர்ந்து முனகும். இரண்டு கை சேர்த்துக் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு உயிருள்ள நேரான மரம்தான் நல்லது. பரண் 15 முதல் 20 அடி உயரத்தில் இருந்தால் போதும். மிஷிகனின் பொது நிலங்களில் மரத்தைத் துளைக்கும் திருகாணிப் படிகள் கூடாது, வார்ப்பட்டைகளால்தான் கட்ட வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும், அல்லது ஓட்டுநர் உரிம எண், கீழிருந்து படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். தனியார் நிலத்தில் குறுக்கே வரும் கிளைகளை வெட்ட நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். வெட்டும் வேலையைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

பரணை வருடம் முழுக்க மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். மரம் பருக்கும், பரணைக் கட்டிய வார்ப்பட்டை இறுகும், அணில் அதைக் கொறிக்கும். ஒரு நாள் நீங்கள் ஏறும்போது அது முதலில் கிறீச்சிடும், பிறகு அறுந்துவிடும்.

உடை

உட்புறம் எதுவானாலும் சரி, வெளிப்புறம் கம்பளியோ மிருதுவான பிளீஸ் துணியோ இருக்கட்டும். கடையில் துணியை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். காதருகே வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். காற்று புகாத படலம் வைத்த ஜாக்கெட்டுகள் குளிரில் விறைத்து அட்டைபோல ஆகிவிடும், வெளியே பிளீஸ் ஒட்டியிருந்தாலும். வீட்டு உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுத்து மறுபடி கீறிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

வெல்க்ரோவைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். என் உடைகளில் இப்போது அது ஒன்றுகூட இல்லை, என் மனைவி பிரித்துவிட்டுப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஜிப் தலையில் தொங்கும் உலோகத் துண்டை வெட்டிவிட்டுக் கயிற்று வளையம் போடுங்கள். சாவி, சில்லறை, பெல்ட் கொக்கி எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

துப்பாக்கிப் பருவத்தில் ஆரஞ்சு நிற மேலாடையோ தொப்பியோ கட்டாயம். மலிவான ஆரஞ்சு மேலாடைகள் பிளாஸ்டிக் பை மாதிரி சலசலக்கும். பிளீஸிலும் ஆரஞ்சு கிடைக்கிறது, கொஞ்சம் கூடுதல் விலை. ஆரஞ்சு நிறத்துக்காகக் கவலைப்படாதீர்கள், மானின் கண்ணுக்கு அது நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது.

வில்லும் துப்பாக்கியும்

வில் வேட்டையில் சத்தத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லின் அம்பு விநாடிக்கு 270 அடி, அதாவது 82 மீட்டர்தான். முப்பது கஜத்தில் நிற்கும் மானுக்கு நாண் அதிரும் சத்தம் 0.08 விநாடியில் கேட்டுவிடும். அம்பு போய்ச் சேர 0.33 விநாடி ஆகும். நடுவில் உள்ள கால் விநாடியில் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும் அல்லது தவறான இடத்தில் தைக்கும். இருபது கஜத்தில் இந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே வில்லை ஊமையாக்குவது ஒரு பக்கம், நெருங்கி வரும்வரை காத்திருப்பது இன்னொரு பக்கம். காதை விறைத்து நிற்கும் மானை இருபது கஜத்துக்கு மேல் நான் எய்வதில்லை.

நாணில் ரப்பர் அதிர்வு அடக்கிகள் மாட்டுங்கள். அம்பு தாங்கியிலும், அம்பு தவறி விழுந்தால் படக்கூடிய வில்லின் உலோகப் பகுதியிலும் மெல்லிய ஒட்டுத்துணி ஒட்டுங்கள். கொஞ்சம் கனமான அம்பு மெதுவாகப் போனாலும் வில்லைக் குறைவாக அதிரவைக்கும். துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரே ஒரு எதிரி, பாதுகாப்புப் பூட்டின் 'கிளிக்'. அதைத் தட்டித் தள்ளாமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தப் பழக வேண்டும். குண்டில்லாத துப்பாக்கியில், வீட்டில், நூறு முறை.

நடந்து போவது

சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே எய்ய அனுமதி உண்டு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் பரணில் இருப்பது என் வழக்கம், நம்மால் கலைந்த காடு மறுபடி அடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

வண்டிக் கதவை அறைந்து சாத்தாதீர்கள், மெல்ல அழுத்தி மூடுங்கள். சாவியில் 'பீப்' சத்தத்தை அணைத்து வைத்திருங்கள். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காமல் பையில் கட்டிக்கொள்ளுங்கள். வியர்த்தால் அப்புறம் நடுங்குவீர்கள், நடுக்கமும் சத்தம்தான்.

பருவத்துக்கு முன்பே கடைசி நூறு கஜப் பாதையைச் சருகுவாரியால் கூட்டி வைத்துவிட்டால் அதைப்போல் வேறு உபாயம் இல்லை. வெறும் மண்ணில் பூட்ஸ் சத்தமே வராது. இலை உதிரும் அக்டோபர் கடைசியில் இன்னொரு முறை, மழை நாளாகப் பார்த்துக் கூட்டுங்கள். கூட்டாத இடங்களில் பாதத்தின் வெளி விளிம்பை முதலில் ஊன்றி, அடியில் சுள்ளி இல்லை என்று தெரிந்தபின் எடையை மாற்றுங்கள்.

ஒரே தாளத்தில் நடக்காதீர்கள். காட்டில் சரக், சரக், சரக் என்று சீராக நடப்பது மனிதன் மட்டும்தான். நாலடி வைத்து நில்லுங்கள், இரண்டடி வையுங்கள், மறுபடி நில்லுங்கள். மேயும் மான் அப்படித்தான் நடக்கும். காற்று வீசும்போது நகருங்கள், ஓய்ந்தால் நில்லுங்கள். ரயிலோ, சோளம் அறுக்கும் இயந்திரமோ சத்தம் போட்டால் அது உங்களுக்குக் கிடைத்த வரம். சுள்ளி முறிந்துவிட்டால் பதறி வேகமாக நடக்காமல் ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள்.

உறைபனி விழுந்த, காற்றே இல்லாத, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் விடியல்தான் மிகக் கடினம். சருகு அப்பளம்போல நொறுங்கும். தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருப்பதால் ஒலி மேலே போகாமல் கீழே வளைந்து வெகுதூரம் பரவும். அத்தகைய நாளில் இன்னும் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்புவேன்.

ஏறுவது

தரையில் கால் இருக்கும்போதே ஹார்னஸை உயிர்க்கயிற்றில், அதாவது பரணுக்கு மேலிருந்து தரைவரை தொங்கும் பாதுகாப்புக் கயிற்றில், மாட்டிவிடுங்கள், அதிலுள்ள நகரும் முடிச்சைத் தள்ளிக்கொண்டே ஏறுங்கள். இரண்டு கை, இரண்டு கால், இவற்றில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும். வில்லையோ குண்டு போடாத துப்பாக்கியையோ முதுகில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். இழுகயிற்றில் கட்டிவிட்டு மேலே போனபின் இழுங்கள். ஏணியில் மோதாமல் இருக்க, கயிற்றை மரத்தின் எதிர்ப்பக்கம் விடுவது நல்லது. குழல் வாய் கீழ்நோக்கியே இருக்க வேண்டும்.

மேலே போனதும் முதல் வேலை, தட்டுப் பலகையில் விழுந்து கிடக்கும் சருகையும் பட்டையையும் கையால் அள்ளி மெல்லக் கீழே விடுவது. காலால் தள்ளாதீர்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வையுங்கள், இருட்டில் தேடாமல் கை போகும்படி. அவ்வளவுதான், இனி எதையும் தொடாதீர்கள்.

உட்கார்ந்திருப்பது

சங்கப் பாடல்களில் தினைப்புனத்துப் பரணில் ஏறிய பெண் தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகளைத் தட்டிக் கிளியை ஓட்டுவாள். நம் இலக்கியத்தில் பரணில் ஏறுவதே சத்தம் போடத்தான். அந்தப் பரம்பரையில் வந்தவன் நான்கு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்காருவது சிரமம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

சிரமம் குளிரில்தான் ஆரம்பிக்கும். கால் விறைத்தால் ஆட்டத் தோன்றும், ஆட்டினால் பலகை முனகும். கையுறையைவிட இடுப்பில் கட்டும் கையுறைப் பையில் இரண்டு கைகளையும் நுழைத்து, உள்ளே சூட்டுப் பொட்டலம் வைப்பது மேல். பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையை வண்டியிலேயே கிழித்துவிடுங்கள். சாப்பாடும் அப்படியே. சப்பாத்திச் சுருளோ இட்லியோ, துணியில் சுற்றினால் சத்தமே இல்லை. காகிதம் சுற்றிய எதுவும் மேலே வரக்கூடாது. இருமல் மிட்டாயை உறை நீக்கிச் சட்டைப் பையில் போட்டு வையுங்கள். இருமல் அடக்க முடியாவிட்டால் முகத்தை முழங்கைக்குள் புதைத்துத் துணிக்குள் ஒரே தடவையில் இருமி முடியுங்கள். அடக்கி அடக்கி ஐந்து முறை இருமுவது அதைவிடக் கெடுதல். ஃபிளாஸ்க் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் மூடித் திருகில் மணல் இல்லாமல் பாருங்கள்.

கைப்பேசியை அதிர்விலும் வைக்காதீர்கள். மரத்தோடு சேர்ந்து அதிரும்.

எழுந்து நிற்பதை முன்கூட்டியே செய்துவிடுவது ஒரு நல்ல வழக்கம். விடிந்த முதல் ஒரு மணி நேரமும் அந்தியின் கடைசி ஒரு மணி நேரமும் நான் நின்றே இருப்பேன். மான் வந்தபின் எழுந்திருக்கத் தேவையே இருக்காது.

மான் வந்துவிட்டது

இந்த நேரத்தில் உங்களுக்குக் கேட்கும் மிகப் பெரிய சத்தம் உங்கள் நெஞ்சு. மானுக்கு அது கேட்காது. மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தபோதோ குனிந்து மேயும்போதோ மட்டும் அசையுங்கள். பெட்டை மான்கள் தலையைக் குனிவதுபோல் பாசாங்கு செய்து சட்டென்று தூக்கிப் பார்க்கும், ஏமாறாதீர்கள். முன்காலைத் தரையில் தட்டினால் சந்தேகப்படுகிறது என்று அர்த்தம். அப்போது கண்ணைக்கூடத் திருப்பாமல் இருங்கள். தட்டிவிட்டு வாலை ஆட்டி மறுபடி மேய்ந்தால் பிழைத்தீர்கள்.

நாணை இழுத்தபின் மான் நடந்துகொண்டே இருந்தால், வாயால் ஒரு சின்ன 'ம்மே'. காலை முழுக்க நீங்கள் போடும் ஒரே சத்தம் இதுதான், அதுவும் மான் போடக்கூடிய சத்தம். அது நிற்கும். நின்ற நொடியில் எய்துவிட வேண்டும், ஏனென்றால் இப்போது அது காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

எய்த பிறகு

பலர் இங்கே கத்திவிடுவார்கள், இறங்கி ஓடுவார்கள். உட்காருங்கள். காதால் பின்தொடருங்கள். ஓடும் சத்தம் எந்தப் பக்கம் போனது, எங்கே நின்றது, விழும் சத்தம் கேட்டதா என்பதெல்லாம் பிறகு இரத்தத் தடம் பார்க்கும்போது உதவும். கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு மரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல இடத்தில் பட்டதாகத் தெரிந்தாலும் அரைமணி நேரம் அமைதியாக இருங்கள். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். சத்தம் போட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து அடுத்த நிலத்துக்குப் போய்விடும்.

எதுவும் வராத அந்தி நேரங்களில் இறங்குவதுதான் தந்திரமான வேலை. இருட்டும்போது எதிரே உள்ள வயலில் பத்துப் பன்னிரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் இறங்கினால் அத்தனையும் அந்த மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும், அந்தப் பருவத்துக்கு அந்தப் பரண் வீண். நான் வேட்டையாடும் பண்ணையின் உரிமையாளருக்கு அப்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு. அவர் தினமும் ஓட்டும் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வயலின் அந்தப் பக்கமாக வருவார். மான்கள் டிராக்டருக்கு அவசரமில்லாமல் வழிவிட்டு மரங்களுக்குள் போகும். அந்த இரைச்சல் அடங்குவதற்குள் நான் இறங்கிவிடுவேன்.